உளவியல் மாணவரும் சமூகத் தொண்டும்

மருத்துவம் பயிலும் மாணவன் நோயாளியைக் காணாமல் பட்டம் பெறுவதில்லை. சட்டம் பயின்றவன் நீதிமன்றத்தின் படிகளை மிதிக்காமல் வழக்கறிஞன் ஆவதில்லை. ஆனால் மனித மனத்தையே ஆராயும் உளவியலைப் பயில்கின்ற மாணவன், துன்புறும் மனிதர் ஒருவரோடு ஒரு மணி நேரமேனும் அமர்ந்து பேசாமலே பட்டம் பெற்று வெளியேறிவிடக்கூடும். கவலை என்பதன் இலக்கணத்தை அவன் பிழையின்றி எழுதுவான். கவலையுற்ற ஒருவர் எதிரே வந்து அமர்ந்தாலோ என்ன பேசுவது என்று அறியாமல் திகைப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் மக்கள் சொல்வது இக்கல்விக்கு மிகவும் பொருந்தும்.

உளவியல் கற்பிக்கும் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் நான். சமூகத் தொண்டில் ஈடுபடுங்கள் என்று மாணவரிடம் சொல்லும்போதெல்லாம், "அதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்னும் கேள்வி எழும். தன்னலம் கலந்த கேள்வி என்று அதனை நான் தள்ளிவிடுவதில்லை. பயன் உண்டென்றால் அஃது எத்தகையது, எந்த நிலையில் கிட்டும், யாருடைய செலவில் கிட்டும் என்று ஆராய்வது உளவியலார் கடமையே ஆகும். இக்கேள்விக்கு அறிவுரையால் விடை சொல்வதைவிட வரலாற்றால் விடை சொல்வது நன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் இதனைச் செய்து பார்த்தார்கள். செய்ததோடு நில்லாமல் அளந்தும் பார்த்தார்கள். அவ்வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உளவியல் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கல்வி. 1879ஆம் ஆண்டில் செருமானிய நாட்டின் லைப்சிக் நகரில் வில்லெம் வூண்ட் என்னும் பேராசிரியர் அமைத்த ஆய்வுக்கூடத்தையே அதன் தொட்டிலாகக் கொள்வர். அங்கே ஒளியும் ஒலியும் மனத்தில் எழுப்பும் உணர்வுகளைக் கருவிகள் கொண்டு அளந்தனர். வூண்டிடம் பயின்ற லைட்னர் விட்மர் என்னும் அமெரிக்கர், 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருத்துவமனையைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டி எழுத இயலாமல் இடர்ப்பட்ட சிறுவன் ஒருவனை அவனுடைய பள்ளி ஆசிரியை அழைத்து வந்ததே அதற்கு வித்தாயிற்று. ஆய்வுக்கூடத்தின் கதவை வெளியிலிருந்து ஒரு குழந்தை தட்டியது என்று சொல்லலாம். ஆயினும் அக்கதவு அகலத் திறப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் ஒருவர் வேறொரு கதவைத் தட்டினார். அவர் கிளிஃபர்டு பியர்ஸ். யேல் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. 1900 முதல் 1903 வரை மனநோய் மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தவர். அங்கே தாம் பட்ட துயரங்களை 1908இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே மனநலத்திற்கென ஒரு தேசியக் குழுவை நிறுவினார். அந்நூலைப் படித்துப் பலர் மனம் இரங்கினர். ஆனால் இரக்கம் பரவிய அளவுக்கு மருத்துவமனைகள் மாறவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாய், உயர்ந்த சுவர்களுக்குள்ளே, மறக்கப்பட்ட மக்களின் ஊர்களாகவே அவை வளர்ந்துவந்தன. 1955ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5,59,000 பேர். அவர்களுள் பலர் பத்தாண்டு, இருபதாண்டுகளாக அங்கேயே இருந்தவர்கள். பார்க்க வரும் உறவினரும் அற்றவர்கள். அத்துணை மக்களுக்கும் வேண்டிய மருத்துவரையும் உளவியலாரையும் ஆயத்தம் செய்யப் பல்கலைக்கழகங்களால் இயலாது என்று, மனநலப் பணியாளர் பற்றாக்குறையை ஆராய்ந்த ஜார்ஜ் ஆல்பி என்னும் உளவியல் அறிஞர் 1959இல் நூல் வாயிலாகக் காட்டினார்.

அவர் அவ்வாறு எழுதுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, அப்பற்றாக்குறையின் ஒரு மூலையில் மாணவர் சிலர் தாமாகவே கால் வைத்திருந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப்ஸ் புரூக்ஸ் இல்லம் என்று ஒரு மனை உண்டு. மாணவரின் தொண்டுப் பணிகளுக்கென 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது அது. அதன் சார்பில் 1954ஆம் ஆண்டில், ஹார்வர்டு மாணவரும் அதன் அருகிலிருந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரி மாணவியரும், சில கல் தொலைவிலுள்ள வால்தம் ஊரின் மெட்ரோபாலிட்டன் மாநில மருத்துவமனைக்குச் செல்லத் தொடங்கினர். அனைவரும் உளவியல் மாணவரல்லர். ஆயினும் மனத்தின் நோய் இன்னது என்று நேரில் அறியும் ஆவல் கொண்டோர் அவர்களுள் பலர்.

முதலில் அவர்கள் குழுவாகச் சென்று, நோயாளர் கூடங்களில் விளையாட்டும் பேச்சுமாகப் பொழுதைப் போக்கினர். பின்னர் அத்தொண்டு வேறொரு வடிவம் பெற்றது. மாணவர் ஒருவருக்கு நோயாளர் ஒருவர் என்று வகுத்தனர். கல்வியாண்டு முழுவதும், வாரந்தோறும், அந்த ஒருவரையே அம்மாணவர் சென்று காணவேண்டும். உடன் நடக்கலாம்; உரையாடலாம்; வாய் பேசாதவராயின் அருகில் வெறுமனே அமர்ந்திருக்கலாம். அதன்பின், சமூகப்பணியில் தேர்ந்த ஒருவர் தலைமையில் மாணவர் கூடி, தத்தம் அனுபவங்களைச் சொல்லி ஆராய்வர். ஒருவருக்கு ஒருவர் என்னும் உறவும், பின்னர்க் கூடி ஆராயும் வழக்கமும் ஆகிய இரண்டுமே இவ்வரலாற்றின் அச்சாணிகள். பின்னாளில் நிகழ்ந்த முயற்சிகளுள் எவை வென்றன, எவை தோற்றன என்று பார்க்கும்போது இவ்விரண்டையும் நாம் மீண்டும் காண்போம்.

அம்மாணவர்களின் அனுபவங்கள் 1962இல் நூலாக வெளிவந்தன. அதற்கு மறு ஆண்டு, அவர்கள் பழகிய நோயாளரைத் தொடர்ந்து கண்ட ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. நெடுங்கால நோயாளர் 120 பேருள் 37 பேர் மாணவரோடு பழகிய காலத்தில் மருத்துவமனையை விட்டு வெளியேறினர் என்பது அதன் கணக்கு. மீளமாட்டார் என்று கைவிடப்பட்டோருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு அண்மையானோர் வீடு திரும்பினர் என்றால், கேட்பவர் உள்ளம் பூரிக்கத்தான் செய்யும்.

ஆனால் இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். மாணவர் துணை பெறாத, அதே நிலையிலிருந்த மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பெற்ற கணக்கன்று இது. மேலும், மாணவர்கள் வால்தம் சென்ற அதே 1954ஆம் ஆண்டில்தான் குளோர்ப்ரோமசீன் என்னும் மருந்து அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. சித்தத்தின் கொந்தளிப்பைத் தணித்த அம்மருந்தின் வரவால் நோயாளர் வெளியேறுவது எங்குமே எளிதாயிற்று. எனவே 37 பேரின் விடுதலையில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, மாணவரின் நட்புக்கு எவ்வளவு பங்கு என்று எவராலும் பிரித்துரைக்க இயலாது. இதனைச் சொல்வதால் அம்மாணவரின் பெருமை குறையாது. எண்ணைக் கண்டவுடன் மயங்காமல், அந்த எண் எவ்வாறு வந்தது என்று கேட்கப் பழகுவதும் உளவியல் கல்வியின் ஒரு கூறே அன்றோ?

மாணவர் பெற்ற பயனை அளந்தவர்கள் கனெக்டிகட் மாநிலத்தார். அங்கே மிடில்டவுன் என்னும் ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகமும், கனெக்டிகட் பள்ளத்தாக்கு மருத்துவமனையும் ஒருங்கே உள்ளன. 1957ஆம் ஆண்டில், அம்மருத்துவமனையின் உளவியலார் ஜூல்ஸ் ஹோல்ஸ்பர்க் என்பார் தோழமைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பெயரே அதன் நோக்கத்தைச் சொல்கிறது. மாணவர் அங்கே மருத்துவராகச் செல்லவில்லை, தோழராகச் சென்றனர். வாரம் ஒரு மணி நேரம் நோயாளரோடு கழித்தபின், மேற்பார்வையாளர் முன்னிலையில் கூடி உரையாடினர்.

இத்தொண்டுக்கு வருவோர் எத்தகையோர் என்று முதலில் ஆராய்ந்தனர். தம் மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளவே இவர்கள் வருகிறார்கள் என்று சிலர் ஐயுறுதல் இயல்பு. தொண்டுக்கு வராத மாணவரோடு ஒப்பிட்டபோது, வந்தவர்கள் நோய்ப்பட்ட மனத்தினர் அல்லர் என்பது தெரிந்தது. அறத்தில் நாட்டமும், இரக்கமும், தம்மைத் தாமே நோக்கும் இயல்பும் அவர்களிடம் சிறிது மிகுந்திருந்தன, வேற்றுமை அவ்வளவே. அடுத்து, தொண்டாற்றியதன் பின் அவர்களிடம் என்ன மாறுதல் நேர்ந்தது என்று ஆராய்ந்து, 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மூன்று மாறுதல்கள் தெரிந்தன. மனநோயைப் பற்றிய அறிவு தெளிவுற்றது. பிறர் நடத்தையைக் கண்டவுடன் குற்றமென்று தீர்ப்பளிக்கும் கடுமை தணிந்தது. தம்மைத் தாம் ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு வளர்ந்தது.

முதல் மாறுதலில் வியப்பில்லை. மற்ற இரண்டும் ஆழ்ந்து நினைக்கத்தக்கவை. நோயாளரைப் பற்றி அறியச் சென்றவன் தன்னைப் பற்றி ஏன் அமைதி கொள்கிறான்? எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். பதினெட்டு, இருபது அகவையில் ஒவ்வோர் இளைஞனும் தன் உள்ளத்தில் எழும் அச்சத்தையும் சினத்தையும் தனக்கு மட்டுமே உரிய குறையென்று எண்ணி மறைக்கிறான். மருத்துவமனைக் கூடத்தில், அவ்வச்சமும் சினமும் பேருரு எடுத்து நிற்பதைக் காண்கிறான். முதலில் அஞ்சுகிறான். பத்து வாரம் கழித்து, அவ்வுருவின் பின்னே தன்னைப்போன்ற ஒரு மனிதர் இருப்பதை அறிகிறான். நோயாளருக்கும் தனக்கும் இடையே தான் எழுப்பியிருந்த சுவர் தாழ்கிறது. அது தாழும்போது, தன் நெஞ்சுக்குள் தான் எழுப்பியிருந்த சுவரும் உடன் தாழ்கிறது. பிறரைப் பொறுக்கக் கற்றவன் தன்னையும் பொறுக்கக் கற்கிறான்.

இதே காலத்தில், 1965இல், ஃபிராங்க் ரீஸ்மன் என்னும் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். உதவி பெறுபவர் நலம் பெறுவது எப்போதும் உறுதியன்று. உதவி செய்பவர் நலம் பெறுவது ஏறக்குறைய உறுதி என்பது அக்கருத்தின் சாரம். ஒருவர்க்குப் பயன்படுகிறோம் என்னும் உணர்வே ஒரு மருந்து என்றார் அவர். கற்பித்துக் கற்றவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

மருத்துவமனையின் சுவர்களுக்குள் தொடங்கிய தொண்டு, விரைவில் ஊருக்குள்ளும் பரவியது. நோயாளரை நெடுங்காலம் அடைத்து வைப்பதைத் தவிர்த்து, அவர்தம் ஊரிலேயே மருத்துவம் அளிக்க வகைசெய்யும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 அக்டோபர் 31ஆம் நாள் கையொப்பமிட்டார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் எமரி கோவன் என்னும் உளவியல் பேராசிரியர், பல்கலைக்கழக மாணவரைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, பள்ளியில் ஒட்டாமல் தனித்துத் தவித்த குழந்தைகளுக்குத் தோழராக்கினார். 1965 மே மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்வாம்ப்ஸ்கட் என்னும் கடற்கரை ஊரில் கூடிய உளவியலார், சமூக உளவியல் என்னும் புதிய துறைக்கு வித்திட்டனர். சமூகத்தில் பங்கேற்றுக்கொண்டே அதனைப் பற்றிய கருத்தையும் உருவாக்குபவரே இத்துறையின் அறிஞர் என்று அவர்கள் வரையறுத்தனர். வால்தம் கூடங்களில் மாணவர் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

இதுவரை கூறியது இனிமையான வரலாறு. கசப்பானதையும் கூறாமல் விடுதல் முறையன்று. மாணவன் பயன்பெறுகிறான், நன்று. ஆனால் உதவி பெற்றவர்க்கு என்ன நேர்ந்தது? நல்லெண்ணத்தோடு செய்த உதவி தீங்காய் முடிவதும் உண்டோ? உண்டு என்பதற்குச் சான்று ஹார்வர்டின் அண்டையிலேயே இருந்தது.

ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் ரிச்சர்டு கபாட் என்பவர், கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகரங்களின் சிறுவர்கள் குற்றவழியில் செல்லாமல் காக்க ஒரு பெருந்திட்டம் வகுத்தார். 1939இல் பணி தொடங்கியது. ஒத்த இயல்புடைய சிறுவரை இருவர் இருவராக இணைத்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி அளித்தனர். மற்றவனை அவ்வாறே விட்டனர். இறுதிக் கணக்கில் 506 சிறுவர் இடம்பெற்றனர். ஊதியம் பெற்ற ஆலோசகர்கள் மாதம் ஏறத்தாழ இருமுறை வீட்டுக்கே சென்று, சராசரியாக ஐந்தாண்டுகள் துணை செய்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு என்னும் அம்மையார் அவர்களைத் தேடிக் கண்டு, 1978இல் தம் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோருள் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே கூறினர். ஆனால் பதிவேடுகள் வேறு கதை கூறின. உதவி பெறாதவரைவிட உதவி பெற்றவரிடையே குடிப்பழக்கமும், கடுமையான மனநோயும், மீண்டும் குற்றம் புரிதலும், அகால மரணமும் மிகுந்திருந்தன.

இதன் காரணம் யாது என்பது பற்றி அறிஞர் பல கூறினர். பிறரைச் சார்ந்து நிற்கும் பழக்கம் வளர்ந்திருக்கலாம். தனக்கு உதவி வேண்டும் என்னும் எண்ணமே தன்னைக் குறையுள்ளவனாகக் காட்டியிருக்கலாம். காரணம் எதுவாயினும், மாணவர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நன்றி கூறுவது நலம் பெற்றதற்குச் சான்றாகாது. அவ்வாறே, நல்லதைச் செய்தோம் என்னும் மனநிறைவும் நல்லது நடந்ததற்குச் சான்றாகாது.

இந்த எச்சரிக்கையை மனத்திற்கொண்டு நடந்த முயற்சிகளுள் மிகச் சிறந்ததாக நான் கருதுவது, 1970களில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சைட்மன், ஜூலியன் ராப்பபோர்ட், வில்லியம் டேவிட்சன் ஆகியோர் தொடங்கியதாகும். டேவிட்சனோடு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று அங்கே வேரூன்றியது. சிறு குற்றங்களில் சிக்கிய இளஞ்சிறாரை நீதிமன்றத்தின் படியேற்றாமல், உளவியல் பாடம் பயிலும் மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். பதினெட்டு வாரம், வாரம் ஆறு முதல் எட்டு மணி நேரம், மாணவர் அச்சிறுவனோடு கழிக்கவேண்டும். அலுவலகத்தில் அன்று, அவன் வீட்டில், பள்ளியில், தெருவில். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே உடன்பாடு எழுதச் செய்வதும், பள்ளியில் மீண்டும் சேர்ப்பதும், வேலை தேடித் தருவதும் மாணவரின் பணிகள். சிறுவனைத் திருத்துவது மட்டும் நோக்கமன்று; அவனுக்கு உரியதைப் பிறரிடமிருந்து பெற்றுத்தருவதும் நோக்கம். வாரந்தோறும் சிறு வகுப்பில் கூடி, செய்ததைச் சொல்லி ஆராய்ந்தனர்.

யார் திட்டத்தில் சேர்வது, யார் வழக்கமான நீதிமன்ற வழியில் செல்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், இம்முறை கணக்கு ஐயத்துக்கு இடமின்றி அமைந்தது. மாணவரோடு பழகிய சிறுவர், நீதிமன்றம் சென்றவரைவிடக் குறைவாகவே மீண்டும் குற்றத்தில் சிக்கினர். மற்றொன்றும் தெரிந்தது. அதே பணியை நீதிமன்ற அலுவலரின் மேற்பார்வையில் மாணவர் செய்தபோது அந்நன்மை விளையவில்லை. தோழராகச் சென்ற மாணவர் அதிகாரத்தின் கையாளாக மாறினால், தோழமையின் ஆற்றல் போய்விடுகிறது என்றே இதற்கு நான் பொருள் கொள்கிறேன்.

மாணவர் பெறும் பயனைக் குறித்து மேலும் விரிந்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலிபோர்னியாவில் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்பாரும் அவர்தம் குழுவினரும் பல கல்லூரிகளைச் சேர்ந்த 22,236 மாணவரை ஆராய்ந்தனர். தொண்டில் ஈடுபட்டோர்க்குக் கல்வியிலும், எழுத்துத் திறத்திலும், தலைமைப் பண்பிலும், தம்மால் ஆகும் என்னும் நம்பிக்கையிலும் வளர்ச்சி காணப்பட்டது. தேர்வுக்கு உதவுமா என்று கேட்கும் மாணவர்க்கு இது நேரான விடை. ஆனால் அவ்வாய்வு வலியுறுத்திய செய்தி வேறு: தொண்டு தனித்து நிற்காமல் பாடத்தோடு இணைந்தும், சக மாணவரோடு கூடிப் பேசி ஆராய்வதற்கு வாய்ப்பளித்தும் அமையும்போதே அதன் பயன் மிகுகின்றது. வால்தம் மாணவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் கூடிப் பேசிய பேச்சின் மதிப்பு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எண்களில் தெரிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். சமூகத் தொண்டு உளவியல் மாணவனுக்கு உண்மையான நன்மை செய்கிறது. நூலில் கண்ட நோய்ப் பெயருக்குப் பின்னே ஒரு முகம் உண்டென்று காட்டுகிறது. அமைதியாக இருக்கவும் பொறுமையாகக் கேட்கவும் பயிற்றுகிறது. இத்தொழில் தனக்கு ஏற்றதா என்பதைப் பட்டம் பெறுமுன்பே அறிந்துகொள்ள உதவுகிறது. ஆனால் இந்நன்மை தானாக வந்து விழுவதன்று. பல இடங்களை எட்டிப் பார்ப்பதனால் வராது. ஒருவரோடு நெடுநாள் பழகுவதனால் வரும். தனியே செய்து தனியே மகிழ்வதனால் வராது. தேர்ந்தவர் முன்னிலையில் கூடி ஆராய்வதனால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி பெறுபவரின் நலத்தை முதற்கண் வைத்து, அது விளைந்ததா என்று அஞ்சாமல் அளந்து பார்க்கும் நேர்மை வேண்டும். பிறருடைய துயரம் நம் பயிற்சிக்கு வாய்த்த கரும்பலகை அன்று.

வால்தம் மருத்துவமனை 1992இல் மூடப்பட்டது. மறக்கப்பட்ட மக்களை மதிலுக்குள் வைக்கும் காலம் பெரும்பாலும் போயிற்று. மறக்கப்படுதல் மட்டும் போகவில்லை. அது தெருவிலும், முதியோர் இல்லத்திலும், தனி அறைகளிலும் இன்றும் வாழ்கிறது. ஆகவே மாணவர் செல்லவேண்டிய இடம் குறையவில்லை. என்ன பயன் என்று கேட்டுக்கொண்டே அவர்கள் செல்லட்டும், அதில் குற்றமில்லை. ஆண்டின் இறுதியில் திரும்பும்போது, அந்தக் கேள்வியை எனக்கு என்பதோடு நிறுத்தாமல், அவருக்கு என்றும் கேட்கப் பழகியிருப்பார்களாயின், அவர்கள் உளவியலின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டார்கள் என்று நான் மகிழ்வேன்.